பல்லிக்கூடத்துக்குப் பல்லி வரையலாமா?

வீட்டுவாத்தியார்:
"பிள்ளை 'பல்லிக்கூடம்'னு எழுதினா பக்கத்துல ஒரு பல்லி வரைஞ்சு சிரிக்க வைங்க, திருத்தவே வேண்டாம், தானா சரியாயிடும்." நேத்து ஒருத்தர் இப்படிப் போட்டிருந்தார். வீட்டுல வச்சுச் சொல்லிக்கொடுக்கிறதுன்னா இவ்வளவு இளக்காரமா? தப்பான சொல் நோட்டுல அப்படியே கிடக்கு, அதுக்குப் படம் வேற. பக்கத்தைப் புரட்டுறப்பல்லாம் அதுதானே கண்ணுல படும்?

மோர்மிளகாய்:
அந்த 'ஒருத்தர்' நான்தான். பேர் சொல்லியே திட்டலாம். ல, ள, ழ பிழையில சிரிப்பு எடுபடக் காரணமே, தப்பா எழுதினதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கிறதுதான். கிளி கிலியாகும். 'வாளை இலையில் சோறு'ன்னா மீன்மேல சோறு. வரைஞ்சாதான் வித்தியாசம் மனசுல நிக்கும்.

சுழிக்காரன்:
சரி, 'வண்டி'யை 'வன்டி'ன்னு எழுதினா என்ன வரைவீங்க? அப்படி ஒரு சொல்லே கிடையாது. அங்க விதிதான் உதவும். ட-வுக்கு முன்னாடி ண், ற-வுக்கு முன்னாடி ன், த-வுக்கு முன்னாடி ந். அதனாலதான் டண்ணகரம், றன்னகரம், தந்நகரம்னு பேரு.

மோர்மிளகாய்:
ஏழு வயசுப் பிள்ளைகிட்ட 'டண்ணகரம்'னு சொல்லிப் பாருங்க, நோட்டை மூடிட்டு ஓடிரும். மூணு சுழி, ரெண்டு சுழி போதும்.

சுழிக்காரன்:
சுழி எண்ணத் தெரிஞ்சா போதுமா? எந்த இடத்துல எது வரும்னு சுழி சொல்லாது. பேருக்குள்ளயே விதி இருக்கு, அதைப் போய்க் கிண்டல் பண்றீங்க.

வீட்டுவாத்தியார்:
சுழிச் சண்டையை அப்புறம் வச்சுக்கங்க. பல்லிக்கு வாங்க. தப்பைப் பார்த்ததும் வாயைத் திறக்காதீங்க. அந்த வரியோட ஓரத்துல ஒரு புள்ளி, அவ்வளவுதான். பத்து விநாடி பிள்ளையோட முயற்ச்சிக்கு விடுங்க. வரலைன்னா ரெண்டு சொல்லையும் உச்சரிச்சுக் காட்டுங்க. ல-வுக்கு நாக்கு நுனி மேல்பல் அடியைத் தொடும், ள-வுக்கு மடிஞ்சு அண்ணத்தைத் தொடும். பிள்ளையே அடிச்சுட்டுச் சரியா எழுதின பிறகுதான் வேடிக்கை, அதுவும் வாயால: "நல்லவேளை, இல்லேன்னா சுவத்துல ஒட்டிக்கிட்டுப் பாடம் கேட்டிருக்கணும்!" மறுநாள், மூணாம் நாள், ஒரு வாரம் கழிச்சு, சொல்வதெழுதுதல்ல அதே சொல். ஒரு தடவை பாடத்துக்கு உட்கார்ந்தா ஒரு வேடிக்கைதான். மிஞ்சினா சிரிப்புக்காகவே தப்பு பண்ண ஆரம்பிச்சிரும்.

அடைமழை:
இத்தனை சட்டத்தையும் தாண்டி வர்றது சிரிப்பா, ரேஷன் கடை வரிசையா? பெரியவங்க தப்பு பண்ணுங்க. பலகையில 'மனம் வீசும் மல்லிகை'ன்னு எழுதிட்டு, சாக்பீஸைப் பிள்ளை கையில கொடுங்க. சிரிப்பு நம்ம மேல விழட்டும்.

வீட்டுவாத்தியார்:
உடனே அழிச்சா சரி. பல்லி மாதிரி நிரந்தரமா நிக்கக்கூடாது.

அடைமழை:
கணக்குல? 52-ல 38 போனா 26-ன்னு எழுதும், எட்டுலேருந்து ரெண்டைக் கழிச்சு. "52 ரூபாய் கொடுத்து 38-க்கு வாங்கினா 26 மிச்சம் தர்ற கடை எங்க இருக்கு, நானும் வர்றேன்"னு கேளுங்க. 38-ஐயும் 26-ஐயும் கூட்டினா 64 வரும், பிள்ளைக்கே புரிஞ்சிரும். அப்புறம் ஒரு பத்து ரூபாய்த் தாளைச் சில்லறையா மாத்தி, 12-ல எட்டுன்னு காட்டுங்க.

மோர்மிளகாய்:
இங்க மட்டும் கிண்டல் முன்னாடி, திருத்தம் பின்னாடி. வாத்தியார் சத்தமே காணோமே? போன மாசம் வாய்ப்பாடு பத்தி இங்க பேசினப்பவும் இதே கதைதான், தனக்குப் பிடிக்காதவங்க சொன்னா மட்டும் குத்தம்.

வீட்டுவாத்தியார்:
அது கேள்வி, படம் இல்ல. பல்லி படம். தப்பான சொல்லுக்குப் பக்கத்துல படம். இதை இன்னும் எத்தனை தடவை சொல்லணும்?

மோர்மிளகாய்:
மேல 'முயற்ச்சி'ன்னு எழுதியிருக்கீங்க. ற்-க்குப் பிறகு இன்னொரு ஒற்று வராது வாத்தியாரே. ஓரத்துல புள்ளி வச்சுட்டேன், பத்து விநாடி தர்றேன்.

வீட்டுவாத்தியார்:
அது கைபேசி பண்ணின வேலை. பல்லிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல.

சுழிக்காரன்:
டண்ணகரத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.