பீட்டர் தாம்சன் மறைவு: அவரைக் கண்டவர்களும் அவர் வழியில் ஆடியவர்களும் எழுதுங்கள்

சூலூர்

ஆஸ்திரேலிய கோல்ஃப் வீரர் பீட்டர் தாம்சன் 2018 ஜூன் 20 அன்று மெல்போர்னில் காலமானார். வயது 88. பார்க்கின்சன் நோய் அவரைச் சில ஆண்டுகளாகவே வாட்டியிருந்தது. கோல்ஃபின் பெரும் போட்டிகளுள் ஒன்றான பிரிட்டிஷ் ஓப்பனில் அவர் பெற்ற ஐந்து வெற்றிகள் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம் என்பதால் நேரே என் விஷயத்துக்கு வருகிறேன்.

1976இல் நூற்பாலை இயந்திர வேலையாக வடக்கே இருந்தபோது, அவர் மூன்றாம் முறையாக வென்ற இந்திய ஓப்பனைப் பார்க்க எனக்கு வாய்த்தது. அப்போது அவருக்கு 46 வயது. ஒரு கிரீனுக்கு (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) முன்னால், புல் தேய்ந்து மண் தெரிந்த இடத்தில் அவருடைய பந்து கிடந்தது. குழி பின்பகுதியில் இருந்தது, இடையில் ஒரு மேடு. அவரோடு ஆடிய இளைஞர் சற்று முன்புதான் வெட்ஜ் என்னும் சாய்ந்த முக மட்டையால் பந்தை உயரத் தூக்கி, அது கெட்டித் தரையில் துள்ளி கிரீனைத் தாண்டி ஓடியதைப் பார்த்துத் தலையில் கை வைத்திருந்தார். தாம்சன் கொடியைப் பார்த்த நேரத்தைவிடத் தரையைப் பார்த்த நேரமே அதிகம். பிறகு ஒரு நடுத்தர அயர்னை (இரும்புத் தலை மட்டை) எடுத்து, ஒத்திகை வீச்சுகூட இல்லாமல், முழங்கால் உயரத்துக்கு மேல் எழாதபடி பந்தைத் தட்டிவிட்டார். அது மேட்டின் அடியில் வேகம் குறைந்து, ஏறி, மறுபக்கம் இறங்கிக் குழிக்கு ஒரு முழத்தில் நின்றது. கூட்டம் கைதட்டியபோது அவர் அடுத்த டீயை (முதல் அடி அடிக்கும் இடம்) நோக்கி நடந்துகொண்டிருந்தார். அந்தத் தரையில் அவர் எதைப் பார்த்தார் என்ற கேள்வி இத்தனை ஆண்டுகளாக என்னை விடவில்லை. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும், எழுதுங்கள்.

திருப்பூர், பின்னலாடை

ஐயா, உங்கள் கேள்விக்கு எனக்கு ஒரு கேடி (ஆட்டக்காரரின் மட்டைப் பையைச் சுமப்பவர்) பதில் சொன்னதாக நினைக்கிறேன். வியாபாரத்துக்காக பெங்களூர் போகும்போதெல்லாம் பழைய விமான நிலையத்துக்கு அருகிலுள்ள கர்நாடக கோல்ஃப் சங்க மைதானத்தில் ஆடுவேன். அங்கே ஒரு நாள் நான் வெட்ஜ் கேட்டபோது, என்னைவிட வயதில் மூத்த கேடி ஏழாம் நம்பர் அயர்னை நீட்டினார். மறுபடியும் கேட்டேன், அவர் மறுபடியும் அதையே நீட்டி, கிரீனுக்கு முன்னால் ஓர் இடத்தை விரலால் காட்டினார். அங்கே பந்தைப் போட்டதும் அது தானாக ஓடிக் கொடிப்பக்கம் போய்விட்டது. அந்த மைதானத்தை வடிவமைத்தவர் பீட்டர் தாம்சன் என்பது அன்று மாலை உணவு மேசையில்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெரியவரின் விரல் காட்டிய இடம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

ஒன்றை மட்டும் மரியாதையோடு சொல்கிறேன். 1950களில் அவர் வென்ற நான்கு ஓப்பன்களிலும் பெரும்பாலான முன்னணி அமெரிக்க ஆட்டக்காரர்கள் கலந்துகொள்ளவில்லை. ஆகவே அமெரிக்க ஜாம்பவான்களான நிக்லஸ், பாமர் ஆகியோருக்கு நிகராக அவரை வைப்பதில் எனக்குச் சிறிது தயக்கம் உண்டு.

பொள்ளாச்சி

திருப்பூர் தம்பியின் தயக்கத்தைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. 1952 முதல் 1958 வரை ஏழு ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஓப்பனில் தாம்சன் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் கீழே ஒரு முறைகூட இறங்கவில்லை. 1954, 1955, 1956 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றார், இருபதாம் நூற்றாண்டில் வேறு எவரும் அதைச் செய்ததில்லை. அமெரிக்கர் வரவில்லை என்கிறீர்கள். 1953இல் அமெரிக்கரான பென் ஹோகன் வந்து வென்றபோது இரண்டாமிடத்தைப் பகிர்ந்துகொண்டவர்களில் தாம்சனும் ஒருவர். 1965இல் ராயல் பர்க்டேலில் பாமர், நிக்லஸ், முந்தைய ஆண்டு சாம்பியன் டோனி லீமா ஆகிய மூவரும் களத்தில் இருந்தார்கள், கோப்பையை எடுத்துச் சென்றவர் தாம்சன். அமெரிக்காவில் அவரால் வெல்ல முடியாது என்பவர்கள் 1956இல் டெக்சஸில் அவர் வென்றதை மறந்துவிடுகிறார்கள். 1985இல் அங்கேயே ஐம்பது வயதைக் கடந்தவர்கள் ஆடும் மூத்தோர் சுற்றில் ஒரே பருவத்தில் ஒன்பது போட்டிகளை வென்றதையும் மறந்துவிடுகிறார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கர்கள் 1.68 அங்குலப் பந்தில் ஆடினார்கள், பிரிட்டனில் 1.62 அங்குலச் சிறிய பந்து. காற்றைக் கிழித்துத் தாழப் போகும் அந்தச் சிறிய பந்தில் வளர்ந்த ஒருவர், ஐம்பத்தைந்து வயதில் பெரிய பந்தோடு அந்நிய மண்ணில் போய் வென்றார் என்றால் அவரை யாருக்கு நிகராக வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

என் அனுபவம் சிறியதுதான். 1998 டிசம்பரில் மெல்போர்னில் படித்துக்கொண்டிருந்தேன். ராயல் மெல்போர்னில் நடந்த பிரசிடென்ட்ஸ் கோப்பையில் தாம்சன் தலைமையிலான சர்வதேச அணி, நிக்லஸ் தலைமையிலான அமெரிக்க அணியை 20½–11½ என்று வீழ்த்தியது. வெற்றி உறுதியான நேரத்தில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் தூக்கிக் கொண்டாடினார்கள். அணித்தலைவர் அவர்களுக்குச் சற்றுப் பின்னால் கைகளைக் கட்டியபடி நின்று, பெற்ற பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஈரோடு

பொள்ளாச்சி அண்ணா சொன்னவை எல்லாம் சரி. ஆனால் நாம் இந்தியாவில் இருந்துகொண்டு பிரிட்டனையும் அமெரிக்காவையும் மட்டுமே பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் அப்பா வங்கி வேலையில் ஊர் ஊராக இருந்தவர், அறுபதுகளில் தாம்சனின் ஆட்டத்தைப் பார்த்தவர், இப்போது படுக்கையில் இருக்கிறார். இறப்புச் செய்தியை நான் வாசித்துக் காட்டியபோது கடைசி வரை கேட்டுவிட்டு, "நம்ம ஓப்பனைப் பத்திப் போட்டிருக்குதா?" என்று மட்டும் கேட்டார். நான் வாசித்த பத்தியில் அது இல்லை. அப்பாவின் முகம் அப்போது போன விதம் என் மனத்தை அறுக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

1964இல் முதல் இந்திய ஓப்பனை வென்றவர் தாம்சன். 1966இலும் 1976இலும் மீண்டும் வென்றார். இடையில் 1965இல் அந்தக் கோப்பையை வென்றவர் பி.ஜி. சேத்தி என்னும் இந்தியர், அதுவும் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாதவர். அதை யாரும் மறக்கக் கூடாது. நான்கு பிரிட்டிஷ் ஓப்பன்களை வென்று முடித்த மனிதர், அமெரிக்கப் பரிசுப் பணத்தை விட்டுவிட்டு, ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே போகும் வழியில் இங்கே இறங்கினார். நம் நாட்டில் ஒரு தேசியப் போட்டி பிறக்கத் துணைநின்று, அதில் தானும் ஆடினார். 1970களின் பிற்பாதியில் டில்லி கோல்ஃப் கிளப் மைதானத்தைத் திருத்தி அமைத்தவரும் அவரே. இன்று இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஆசியச் சுற்றில் பிழைக்கிறார்கள் என்றால், அதற்கு முன்னோடியான பழைய ஆசியச் சுற்று வேர்பிடிக்க அவர் பாடுபட்டிருக்கிறார். அப்பாவிடம் இந்தப் பதிவை வாசித்துக் காட்டப் போகிறேன்.

செட்டிபாளையம்

நான் அவரைப் பார்த்ததில்லை. சிறுவயதில் கேடியாகப் பை சுமந்தபோது, ஓர் உறுப்பினர் தாம்சனின் கைப்பிடி தெரியும் பத்திரிகைப் படம் ஒன்றைக் காட்டி, மட்டையை என் கையில் கொடுத்து, என் விரல்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டார். உறுப்பினர் ஒருவர் என் கையைத் தொட்டுச் சொல்லிக்கொடுத்தது அதுவே முதல் முறை. அன்று பிடித்த பிடிதான் இன்றும்.

இங்கே புதிதாக ஆடத் தொடங்கியிருப்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். ஆனி பிறந்துவிட்டது, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று ஆடி முடியும் வரை நிற்காது. அந்தக் காற்றில் பந்தை உயரத் தூக்கினால் அது உங்கள் பேச்சைக் கேட்காது. வழக்கமாக எடுக்கும் மட்டையைவிட இரண்டு நம்பர் நீளமானதை (ஏழாம் நம்பருக்குப் பதில் ஐந்தாம் நம்பர்) எடுத்துக்கொண்டு, பந்தை வலது காலுக்குச் சற்று நெருக்கமாக வைத்து, முக்கால் வீச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வேகமாக அடித்தால் பந்து அதிகம் சுழன்று மேலே ஏறும், எனவே எதிர்காற்றில் மெதுவாக அடிப்பதே நல்லது. பசுவின் காம்பைப் பிடிக்கும் அளவுக்கு இறுக்கம் போதும், அதற்கு மேல் இறுக்கினால் முன்கை விறைத்துவிடும். கிரீனுக்குப் பத்துப் பன்னிரண்டு தப்படி முன்னால் பந்தை விழவிட்டு ஓடவிடுங்கள். விழப்போகும் இடம் ஈரமா, காய்ந்ததா, கல் தெரிகிறதா, புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை நடந்துபோய்ப் பாருங்கள். சூலூர் ஐயா கேட்டாரே, தாம்சன் தரையில் எதைப் பார்த்தார் என்று; இவற்றைத்தான் பார்த்திருப்பார். மிகத் தூரம் அடிக்கும் டிரைவர் மட்டையை வாங்கிய அன்றே அதைத் தூக்கிக்கொண்டு பயிற்சித் திடலுக்கு ஓடாமல், முதல் மூன்று மாதம் பட்டரும் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) ஏழாம் நம்பர் அயர்னும் மட்டும் வைத்துப் பழகுங்கள்.

அவிநாசி

செட்டிபாளையத்தாரின் அறிவுரையோடு ஒன்றைச் சேர்க்கிறேன். தரை கெட்டியாக இருந்தால்தான் அவர் சொல்லும் ஆட்டம் நடக்கும். தண்ணீர் ஊற்றி மெத்தைபோல் ஆக்கிய மைதானத்தில் எங்கே விழுந்தாலும் பந்து அங்கேயே நின்றுவிடும், சிந்திப்பதற்கு ஆட்டக்காரருக்கு எதுவும் மிஞ்சாது. தாம்சன் பல ஆண்டுகள் பத்திரிகையில் எழுதினார், கெட்டியான, பந்து ஓடும் தரைக்காக விடாமல் வாதிட்டார். ஆழ்குழாய்க் கிணறுகள் ஆயிரம் அடிக்குக் கீழே போய்விட்ட நம் சீமையில் அந்த வாதத்துக்கு இரட்டிப்பு நியாயம் உண்டு. ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடைப்பட்ட புல்வெளி) பங்குனி, சித்திரையில் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும். கிரீனுக்கும் டீக்கும் மட்டும் நீர் விட்டால் போதும். நம் கிளப்பின் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லியே இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். உறுப்பினராக இருப்பவர்கள் முன்மொழிய, வழிமொழிய வாருங்கள்.