எம்ஷர் ஆற்றங்கரையில் சைக்கிள் ஓட்டலாமா? இங்கே பல வருடம் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கேட்டவர்: சாயப்பட்டறைப் பையன்

வணக்கம். படிப்புக்காக ஜெர்மனிக்கு, டோர்ட்முண்ட் வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஹோர்டேயில் ஒரு வீட்டின் மாடியறையில் இருக்கிறேன். நாலு எட்டு வைத்தால் பீனிக்ஸ் ஏரி. அதன் ஓரமாக ஒரு சின்ன ஓடை போகிறது. ஓடி வந்து குதித்தால் தாண்டிவிடலாம் போல. அதுதான் எம்ஷர் ஆறாம். கரையை ஒட்டியே சைக்கிள் பாதை.

வீட்டுக்கார அம்மாவிடம், "இந்தப் பாதையில் ரைன் நதி வரைக்கும் போகலாமாமே?" என்று கேட்டேன். சிரித்தார். அவர் வளர்ந்தது ஆறு போகும் வழியில் கொஞ்சம் கீழே, காஸ்ட்ரோப் பக்கம். சின்ன வயதில் அந்தத் தண்ணீர்ப் பக்கம் போனாலே வீட்டில் அடி விழுமாம். "கோட்டல்பெக்கெ" என்று ஒரு சொல் சொன்னார். அர்த்தம் கேட்டதற்கு மூக்கைப் பிடித்துக் காட்டினார்.

எனக்கு இரண்டு கேள்வி. ஞாயிற்றுக்கிழமை பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினால் எவ்வளவு தூரம் போக முடியும்? அப்புறம், சாக்கடையாக இருந்தது நிஜமென்றால் எப்படி மாற்றினார்கள்? நான் பிறந்து வளர்ந்தது திருப்பூரில், நொய்யலுக்கு மூன்று தெரு தள்ளி. இன்றைக்கு ஆற்றில் என்ன கலர் என்று பள்ளிக்கூடம் போகிற வழியில் பாலத்தில் நின்று பார்ப்போம். அதனால்தான் இதை விட மனசு வரவில்லை.

பதில்: ஹோர்டே மாமா

தம்பி, நான் இந்த ஊருக்கு வந்தது 1985இல். கிழக்கு பெர்லினில் இறங்கி, இந்தப் பக்கம் வந்து, கடைசியில் டோர்ட்முண்ட். பிட்சாக் கடைக் குசினியில் கோப்பை கழுவுகிற வேலை. அப்போது நீ சொல்கிற இடத்தில் ஏரியும் இல்லை, ஆறும் இல்லை. உருக்காலைதான் இருந்தது. ஆறு அதற்கு அடியில் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ராத்திரி வேலை முடிந்து வரும்போது வானம் திடீரென்று சிவக்கும். முதல் தடவை பார்த்தபோது எங்கேயோ தீப்பிடித்துவிட்டது என்று நின்றுவிட்டேன். ஊர் எரிவதைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

2001இல் ஆலையை மூடினார்கள். சீனாவிலிருந்து ஆட்கள் வந்து, துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மிச்சம் பெரிய வெறும் நிலம். அதைத் தோண்டி 2010 அக்டோபரில் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் ஏரி திறந்தாயிற்று. 24 ஹெக்டேர். ஆற்றுத் தண்ணீர் வேறு, ஏரித் தண்ணீர் வேறு. பெருவெள்ளம் வந்தால் மட்டும் ஏரி வாங்கிக்கொள்ளும்.

வீட்டுக்கார அம்மா சொன்ன சொல்லுக்கு அர்த்தம் 'மலம் மிதக்கிற ஓடை'. மிகையே இல்லை. ஆற்றில் சாக்கடை கலந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, ஆறேதான் சாக்கடை. கக்கூஸ் தண்ணீர், குசினித் தண்ணீர், சுரங்கத்திலிருந்து இறைத்த தண்ணீர், ஆலைக் கழிவு எல்லாம் திறந்தவெளியில் ஓடியது. ஜெர்மன்காரனுக்குக் குழாய் புதைக்கத் தெரியாதா என்று நானும் கேட்டிருக்கிறேன். கீழே நிலக்கரியைத் தோண்டி எடுக்க எடுக்க மேலே தரை இறங்கும். இந்த ரூர் பகுதியில் சில இடங்கள் 20 மீட்டருக்கு மேல் இறங்கியிருக்கின்றன. புதைத்த குழாய் அதில் உடையாமல் நிற்குமா? அதனால் 1899இல் நகரசபைகளும் சுரங்கக்காரரும் ஆலைக்காரரும் சேர்ந்து எம்ஷர் சங்கம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஆற்றை நேராக்கி, அடியில் கொங்கிறீட் பாளம் பதித்து, இரண்டு பக்கமும் கரை உயர்த்தி, வேலி போட்டு விட்டார்கள்.

1994இல் நாங்கள் மெங்கெடெ பக்கம் குடியிருந்தோம். என் மூத்தவன் உதைத்த பந்து வேலிக்கு மேலால் போய் உள்ளே விழுந்துவிட்டது. புதுப் பந்து. வேலியில் 'உயிராபத்து' என்று மஞ்சள் பலகை. சும்மா போட்டதில்லை, அந்தக் கொங்கிறீட் சரிவில் வழுக்கி விழுந்தால் பிடித்து ஏற ஒன்றுமே கிடையாது. பழுப்புத் தண்ணீரில் பந்து உருண்டு உருண்டு போவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் ஒரே அழுகை. "அது ரைன் வரைக்கும் போகும், பிறகு ஹாலந்து, பிறகு கடல்" என்று ஏதோ கதை சொல்லி வீட்டுக்குக் கூட்டிவந்தேன். கோடையில் ஜன்னல் திறக்க மாட்டோம். யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் மனைவி முதலில் சாம்பிராணி போடுவாள்.

பிறகு பல வருடம் தோண்டல்தான். 1992இலிருந்தே தொடங்கிவிட்டார்கள். எங்கே பார்த்தாலும் குழி, தகர வேலி, 'மாற்றுப்பாதை' பலகை. ஒரு மரம்கூட நடாமல் இத்தனை வருடமாக என்ன பிடுங்குகிறார்கள் என்று நானும் திட்டியிருக்கிறேன். ஒரு ஆடி மாதம் வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், மனைவி ஜன்னலைத் திறந்துவைத்தபடியே தூங்கிக்கொண்டிருக்கிறாள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

நீ ஓட்டப் போகிற பாதை பல இடங்களில் புதிதாகப் போட்டதே இல்லை. சாக்கடையைப் பராமரிக்கிற சங்கத்து ஆட்கள் வண்டியில் போய்வர வைத்திருந்த வேலைப்பாதை. நாற்றம் போனது, வேலியை எடுத்தார்கள், சைக்கிள் வந்தது. எல்லாம் இந்த வரிசையில்தான். வேலியை முதலில் எடுத்திருந்தால் யார் வந்திருப்பான்?

ஒரு வயிற்றெரிச்சலும் சொல்ல வேண்டும். ஆலை இருந்தபோது எங்களைப் போன்ற ஆட்கள்தான் ஹோர்டேயில் வீடு எடுப்போம், மலிவு. இப்போது ஏரிக்கரை வீடுகளின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். உனக்கு அந்த மாடியறை கிடைத்தது அதிர்ஷ்டம், விட்டுவிடாதே.

பதில்: குழாய்க்காரி, எசன்

மாமா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். என் வேலையே கழிவுநீர்க் குழாய்தான். 90களில் அரசுக்குத் திடீரென்று ஞானம் பிறக்கவில்லை. சுரங்கங்கள் வடக்கே நகர்ந்துவிட்டன, இங்கே தரை இறங்குவது நின்றது. அதற்குப் பிறகுதான் குழாய் புதைப்பதைப் பற்றிப் பேசவே முடிந்தது.

பிரதானக் குழாய் டோர்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாகன் வரை 51 கிலோமீட்டர். கழிவுநீர் தானாக ஓட வேண்டுமென்றால் கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சரிவு வேண்டும். தரையோ கிட்டத்தட்ட சமம். போகப் போகக் குழாய் பூமிக்குள் இறங்கிக்கொண்டே போய், மேற்கே 40 மீட்டர் ஆழத்தைத் தொடுகிறது. அதனால் கெல்சன்கிர்ஹென், போட்ராப், ஓபர்ஹவுசன் மூன்று ஊர்களிலும் நீரேற்று நிலையம். ஓபர்ஹவுசன் நிலையத்தை ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்தேன், கிணற்றுக்குள் ஒரு கட்டடத்தைக் கவிழ்த்து வைத்தது போல இருந்தது. கிளை ஓடைகளின் குழாய்களையும் சேர்த்தால் 400 கிலோமீட்டரைத் தாண்டும். செலவு 500 கோடி யூரோவுக்கு மேல். 2021 கடைசியில்தான் ஆறு முழுக்கச் சாக்கடை இல்லாமல் ஆனது. முப்பது வருடம்!

இன்னொன்று, இங்கே பம்புகளை நிறுத்தவே முடியாது. இறங்கிய தரை இறங்கியதுதான், நிறுத்தினால் ஊர்களே குளமாகிவிடும். கடைசிச் சுரங்கம் போட்ராப்பில் 2018 டிசம்பரில் மூடியாயிற்று, இறைப்பது மட்டும் என்றைக்கும் ஓயாது.

மீன் திரும்பியிருக்கிறது. கல்லுக்கடியில் ஒளிந்து கிடக்கிற, விரல் நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு சின்ன மீன், போட்ராப் பக்கத்து ஓடை ஒன்றின் தலைப்பில் எப்படியோ பிழைத்துக் கிடந்தது. அதைப் பிடித்துவந்து மற்ற ஓடைகளில் விட்டார்கள்.

பதில்: ஒரத்துப்பாளையத்தான்

தம்பி, நொய்யலை இதோடு போட்டுக் குழப்பாதீங்க. வீட்டுக் கழிவுநீர் என்றால் குழாய், சுத்திகரிப்பு நிலையம், முடிந்தது கதை. சாயத் தண்ணீரில் இருப்பது உப்பு. அது சாதாரணச் சுத்திகரிப்பில் போகாது. 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னது ஞாபகம் இருக்கும். ஒரு சொட்டு வெளியே விடக் கூடாது, தண்ணீரைச் சவ்வு வழியாக வடித்து மறுபடி பயன்படுத்து, உப்பைக் காய்ச்சி எடு என்று ஆனது. அதற்குள் நொய்யலில் இருக்கிற எங்கள் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே கிணறுகள் கெட்டு, தென்னை காய்ந்து போயிருந்தது. எங்கள் தோப்பும் சேர்த்துத்தான். அங்கே 1899இலிருந்து ஆற்றுக்கு ஒரே சங்கம். இங்கே ஓர் ஆற்றுக்கு எத்தனை துறை என்று எண்ணிப் பாருங்கள். ஆற்றங்கரையில் நடைபாதை போடுகிறோம் என்று யாராவது வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வருகிறது.

பதில்: ஹோர்டே மாமா

கோபம் நியாயம். அந்தச் சங்கத்தில் ஒரு விஷயம் எனக்குப் பிடித்திருந்தது. ஆற்றில் விடுகிறவன் எல்லோரும் உறுப்பினர், நகரசபையானாலும் சுரங்கமானாலும் ஆலையானாலும். விடுகிற அளவுக்குக் காசு கட்டியாக வேண்டும். கடைசியில் அது என் வீட்டுக் கணக்கிலும் கழிவுநீர்க் கட்டணமாக வந்து நிற்கும். முணுமுணுத்துக்கொண்டே கட்டினேன்.

சரி, பயணத்துக்கு வருகிறேன். ஹோல்ஸ்விக்கெடெயில் ஆறு பிறக்கிற இடத்திலிருந்து டின்ஸ்லாகன் வரை பாதை 100 கிலோமீட்டர் அளவில். ஒரே நாளில் ஆசைப்படாதே. முதல் தடவை ஹோர்டேயிலிருந்து மெங்கெடெ வரை போ, அதைத் தாண்டினால் வெள்ளத்தைத் தேக்கப் பெரிதாக வெட்டிய பள்ளம் இருக்கிறது, பறவை நிறைய வரும். இன்னொரு நாள் ரயிலில் கெல்சன்கிர்ஹென் போய், ஆறும் ரைன்-ஹெர்ன கால்வாயும் பக்கம் பக்கமாகப் போகிற இடத்தில் ஏறு. ஓபர்ஹவுசனில் 117 மீட்டர் உயர எரிவாயுத் தொட்டி தெரியும் வரை ஓட்டலாம். எங்கேயாவது கட்டட வேலை என்று பாதையை மறித்திருப்பார்கள், பலகையைப் பார்த்துத் திரும்பு.

ஆற்றில் இறங்கிக் குளிக்கலாமா என்று அடுத்துக் கேட்பாய். கூடாது. தண்ணீரில் நிற்க ஆசையென்றால் ஹாம் காமாட்சி அம்மன் கோயில் திருவிழாவுக்கு வா. அங்கே தீர்த்தம் கால்வாயில்தான்.

பதில்: சாயப்பட்டறைப் பையன்

எல்லோருக்கும் நன்றி. நேற்றுப் போய் வந்தேன். மெங்கெடெ வரை நன்றாகப் போனது, அதற்கு அப்புறம் பின் டயர் பஞ்சர். தள்ளிக்கொண்டே நடந்ததில் ஒரு லாபம், தண்ணீரை நிதானமாகப் பார்க்க முடிந்தது. அடியில் சரளைக்கல் தெரிகிறது. ஒரு சாம்பல் நாரை நடுவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்தும் நகரவில்லை. மூக்கை நன்றாக இழுத்துப் பார்த்தேன், ஈரமண் வாசனைதான். வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன், அடுத்த வாரம் அவரும் வருகிறேன் என்கிறார். அவரிடம் மின்சார சைக்கிள் இருக்கிறது, என்னால் ஈடுகொடுக்க முடியாது.

மாமா, பந்து ஒன்றும் கண்ணில் படவில்லை.

பதில்: ஹோர்டே மாமா

பந்து கடலுக்குப் போய் முப்பது வருடம் ஆகிறது. அதை விடு, பஞ்சரான சைக்கிளோடு ரயிலில்தானே திரும்பியிருப்பாய்? சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்தாயா?