முத்தியால்பேட்டை தெருக் குழு: படிப்பகக் கணினி

டீச்சர் அக்கா: அனைவருக்கும் வணக்கம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நம் தெருவில் எடுத்த படங்களை வீடு வீடாக வாங்கி, ஸ்கேன் செய்து, படிப்பகத்தின் லினக்ஸ் கணினியில் வைத்திருந்தேன். அந்தக் கோப்புறையை இன்று காணவில்லை; குப்பைத்தொட்டியும் காலியாக இருக்கிறது. ஒவ்வொரு படத்தையும் 'படிக்க மட்டும்' என்று மாற்றியிருந்தும் எப்படி அழிந்தது?

எதிர்வீட்டுத் தம்பி: அக்கா, வரிசைப்படுத்தச் சொல்லி நீங்கள் கொடுத்த பென்டிரைவ் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கோப்புறை என்பது உங்கள் வருகைப் பதிவேடு போன்றது. அழிப்பதென்றால் அதில் ஒரு பெயரை அடிப்பதுதான் என்பதால், பதிவேட்டில் எழுதும் உரிமை யாருக்கு என்பதையே லினக்ஸ் பார்க்கும். 'படிக்க மட்டும்' என்பது படத்தைத் திருத்துவதை மட்டுமே தடுக்கும்.

செயலாளர்: பிறர் கோப்பை அழிக்காதிருக்க ஸ்டிக்கி பிட் போடலாம் என்று நீ சொன்னாயே தம்பி? எல்லோரும் எழுதலாம், ஆனால் ஸ்டிக்கி பிட்டும் உண்டு என்று பொருள்படும் 1777 என்ற எண்ணைக் கொடுத்திருந்தேன்.

எதிர்வீட்டுத் தம்பி: அது போட்டால் கோப்பின் சொந்தக்காரர், கோப்புறையின் சொந்தக்காரர், ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கு ஆகியோர் மட்டுமே அழிக்கலாம், ஐயா. ஆனால் நாம் எல்லோரும் 'பொது' என்ற ஒரே கணக்கில் நுழைகிறோம். கணினிக்கு அக்காவும் ஆறாம் வகுப்புப் பையனும் ஒரே ஆள். எந்தப் பிள்ளையையும் கடிந்துகொள்ளாதீர்கள், வழியைத் திறந்து வைத்தது நாம்தான்.

டீச்சர் அக்கா: கோப்புறையை ரூட் பெயருக்கு மாற்றினால் போதுமா?

எதிர்வீட்டுத் தம்பி: உள்ளே படங்கள் இருக்கும்வரை அழிக்க முடியாது. ஆனால் அது இருக்கும் டெஸ்க்டாப் 'பொது' கணக்குக்குச் சொந்தம் என்பதால், கோப்புறையின் பெயரை யாரும் மாற்றிவிடலாம். நாம் மறுபடியும் தேடிக்கொண்டிருப்போம். ஆகவே ரூட்டுக்குச் சொந்தமான வேறொரு இடத்தில் 755 உரிமையுடன் (சொந்தக்காரர் மட்டுமே எழுதலாம், மற்றவர்கள் பார்க்கலாம்) வைத்து, டெஸ்க்டாப்பில் ஷார்ட்கட் மட்டும் விடுகிறேன். அதை அழித்தாலும் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. கோப்புறைக்கும் படங்களுக்கும் கோப்பின் தன்மையை மாற்றும் 'சாட்டர்' (chattr) கட்டளையால் 'ஐ' (i) குறியும் இட்டுவிட்டால், அக்குறியை நீக்காமல் ரூட்டாலும் அழிக்க இயலாது.

செயலாளர்: பிள்ளைகள் வீட்டுப்பாடம் போடும் கோப்புறைக்கு?

எதிர்வீட்டுத் தம்பி: அதற்கு அதே கட்டளையின் 'ஏ' (a) குறி பொருந்தும். புதிய கோப்பைப் போடலாம். அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது. இருப்பதைத் திறந்து திருத்துவதை அது தடுக்காது என்பதால், வாரம் ஒருமுறை நகல் எடுக்க வேண்டும்.

டீச்சர் அக்கா: நாளைக் காலையே பென்டிரைவோடு வந்துவிடு தம்பி. எங்கள் வேப்பமரம் ஓட்டின்மேல் சாய்ந்து கிடக்கும் படம் அதில் இருக்கிறதா?

எதிர்வீட்டுத் தம்பி: இருக்கிறது அக்கா, மூன்றாவது படம்.