முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சம்மதிக்கலாமா?

கேள்வி: தென்காசி வாசகன்

அண்ணனுக்கு எச்ஐவி இருப்பது போன வாரம்தான் தெரிந்தது. எதிர்ப்புச் சக்தி தரும் ரத்த அணுக்களான சிடி4 எண்ணிக்கை வெறும் 41. பல நாளாகத் தலைவலி. எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. நேற்றிலிருந்து வாந்தி, ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறதாம். மூளை உறையில் பூஞ்சை இருக்கலாம், முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். இடுப்பு விழுந்துவிடும் என்று அம்மா அழுகிறார். எச்ஐவி மாத்திரையையும் இப்போது தொடங்க மாட்டார்களாம். 34 வயதில் மூளையில் பூஞ்சையா? ஒன்றும் புரியவில்லை.

பதில்: சிவகாமி, ஓய்வுபெற்ற செவிலியர்

தம்பி, இன்றைக்கே சம்மதியுங்கள். இரட்டைப் பார்வை வந்துவிட்டால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். தண்டுவடம் முடிகிற இடத்துக்கும் கீழேதான் ஊசியை இறக்குவார்கள். இடுப்பு விழாது என்று அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். முதலில் ஸ்கேன் கேட்டால் அதையும் எடுத்துவிடுங்கள்.

இது வெறும் பரிசோதனை இல்லை, சிகிச்சையும்கூட. அழுத்தம் கூடியிருந்தால் கொஞ்சம் நீரை வடித்துவிடுவார்கள். தலையைப் பிடித்துக்கொண்டு அலறியவர்கள், ஊசியை எடுத்த சற்று நேரத்தில் "பாரம் குறைந்துவிட்டது சிஸ்டர்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அழுத்தம் மறுபடி ஏறினால் மறுநாளும் வடிப்பார்கள். அப்போதும் மறுக்காதீர்கள்.

அந்த நீரில் ஒரு சொட்டோடு கறுப்பு மை கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். கிரிப்டோகாக்கஸ் இருந்தால், கறுப்புக்கு நடுவே ஒளிவட்டம் கட்டிய உருண்டைகளாகத் தெரியும். புறா எச்சத்திலும் மண்ணிலும் இருக்கிற பூஞ்சைதான் இது. நாம் எல்லோரும் மூச்சில் இழுக்கிறோம்; எதிர்ப்புச் சக்தி அடக்கிவைக்கிறது. அண்ணனிடமிருந்து வீட்டில் யாருக்கும் இது தொற்றாது.

பூஞ்சை உறுதியானால் எச்ஐவி மாத்திரையை 4 முதல் 6 வாரம் தள்ளிவைப்பதுதான் முறை. அந்த மாத்திரையால் எதிர்ப்புச் சக்தி சட்டென்று எழுந்து பூஞ்சையைத் தாக்கினால் மூளையில் வீக்கம் கூடி உயிருக்கே ஆபத்தாகும்.

பதில்: முத்துக்குமரன், ஆய்வகம்

34 வயதிலா என்று கேட்டீர்கள். எய்ட்ஸ் வெளியே தெரிந்ததே இப்படித்தான். 1981 ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலீஸில் இளைஞர்கள் 5 பேருக்கு நியூமோசிஸ்டிஸ் என்ற அபூர்வ நிமோனியா வந்ததாக அறிக்கை வெளியானது. அதுவும் பூஞ்சைதான் என்பது பிறகு தெரிந்தது. அடுத்த மாதமே, கபோசி சர்கோமா என்ற அரிய புற்றுநோய் 26 பேருக்கு வந்த செய்தி. முன்பு வயதானவர்களிடம் எப்போதாவது காண்கிற நோய் அது.

கபோசி நம் ஊரில் மிகக் குறைவு. இருந்தாலும் தோலிலோ மேலண்ணத்திலோ ஊதா நிறத் திட்டு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். தினமும் கோட்ரைமாக்சசோல் கொடுத்தால் நிறுத்தாதீர்கள். அந்த நிமோனியாவைத் தடுக்கத்தான் அது.

தென்காசி வாசகன்

அண்ணனே கையெழுத்துப் போட்டுவிட்டார். மாலையில் எடுக்கிறார்கள். பூஞ்சை மருந்து ஏற்றினால் எப்படியிருக்கும் அக்கா?

சிவகாமி

ஆம்போடெரிசின் ஏறும்போது குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வரலாம். பயப்படாமல் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் அது பாதிக்கும். ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று நீங்களும் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒரு கம்பளி எடுத்துப் போங்கள்.