கீசர் வால்வில் ராத்திரியெல்லாம் சொட்டுது, கரண்ட் பில்லும் ஏறுது: என்ன செய்யலாம்?

கந்தப்பளை
வீட்டில் நாலு பேர். 50 லீற்றர் கீசர், 2 கிலோவாட், சுவிட்ச் எப்பவும் ஆன். மாசம் 140 யூனிட் வந்த இடத்தில் இப்போ 195. கீசர் வால்வில் தண்ணி சொட்டுது, ராத்திரியில்தான் அதிகம். தண்ணி மேல் மலைத் தொட்டியில் இருந்து நேரா வருது. பிளக் போட்டு அடைச்சிடலாம்னு பைப் வேலை செய்ற பாஸ் சொல்றார். இல்லை, சோலார் சுடுதண்ணி டேங்க் வாங்கிறது நல்லதா?

ஹட்டன், பிளம்பிங்
அடைக்கவே வேண்டாம். 50 லீற்றர் தண்ணி 16 பாகையில் இருந்து 60க்குச் சூடாகும்போது முக்கால் லீற்றருக்கு மேல் விரியும். அது வெளியேற அந்தப் பாதுகாப்பு வால்வுதான் வழி. வழியை அடைச்ச பிறகு, சூடானதும் கரண்டை நிறுத்துற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிட்டு ஆஃப் ஆகாமப் போனா டேங்க் வெடிக்கும், சுவரையும் சேர்த்து இடிக்கும்.

சூடேறுற நேரத்தில் மட்டும் சொட்டினா பயப்பட ஒண்ணுமில்லை. யாரும் பைப் திறக்காத ராத்திரியில் சொட்டினா, வரும் தண்ணியின் பிரஷர் கூட. பிரஷரை பார்னு அளக்கிறது, 33 அடி உயரத்துக்கு 1 பார். தொட்டி 250 அடி மேலே இருந்தா ஏழரை பார். பெரும்பாலான வால்வு 7 அல்லது 8 பாரில் திறக்கும், உடம்பிலேயே அச்சடிச்சிருக்கும். பகலில் லைனில் எல்லாரும் தண்ணி பிடிக்கிறதால பிரஷர் இறங்கும், ராத்திரி முழுசா ஏறும்.

சொட்டுறது சூடா, பச்சைத் தண்ணியா? வால்வு உள்ளே வரும் பைப்பில் இருந்தா பெரும்பாலும் பச்சைத் தண்ணிதான், பில்லுக்கும் அதுக்கும் சம்பந்தம் குறைவு. டேங்கின் மேல்பக்கம் இருந்தா சுடுதண்ணி போகுது.

வெலிமடை, எலக்ட்ரீஷியன்
அளந்து பார்க்காம எதையும் வாங்காதீங்க. ராத்திரி 10 மணிக்குக் கீசர் நல்லா சூடாகி அணைஞ்ச பிறகு மற்ற பிரேக்கர் எல்லாத்தையும் இறக்குங்க. ஃப்ரிட்ஜைத் திறக்காம விட்டாலும் 4 மணித்தியாலம்தான் நம்பலாம், அதனால சீக்கிரம் கெடுற சாப்பாட்டை அன்னிக்கு உள்ளே வைக்காதீங்க. கரண்ட் மீட்டரைக் குறிச்சு வச்சு, விடிய 5 மணிக்கு மறுபடி பாருங்க. ஒழுகாத 50 லீற்றர் டேங்க் அரை யூனிட்டுக்குள் முடிக்கணும். தெர்மோஸ்டாட் விட்டு விட்டு ஏத்துறதால ஒரு ராத்திரிக் கணக்கை நம்பாம ரெண்டு ராத்திரி பாருங்க.

கந்தப்பளை
ரெண்டு ராத்திரியும் கிட்டத்தட்ட 1.2 யூனிட். வால்வு மேல்பக்கம், சுடுதண்ணிதான். ஒரு லீற்றர் போத்தல் 25 நிமிஷத்தில் நிறையுது.

வெலிமடை, எலக்ட்ரீஷியன்
கணக்கு சரியா பொருந்துது. ஒரு லீற்றரை 44 பாகை ஏத்த 0.05 யூனிட். 7 மணித்தியாலத்தில் 17 லீற்றர், அது மட்டும் 0.85 யூனிட். மாசத்துக்கு 25க்கு மேல், அதுவும் ராத்திரி மட்டும். 180ஐத் தாண்டின யூனிட்டுக்குத்தான் விலை ஆகக் கூட, அதனால பில்லில் பெரிசா தெரியுது.

ஹட்டன், பிளம்பிங்
அப்போ வால்வை மட்டும் மாத்தினா கொஞ்ச நாளில் திரும்ப ஒழுகும். மெயின் வால்வுக்கு அடுத்து ஒரு பிரஷர் குறைக்கும் வால்வு போட்டு 3 பாருக்கு வைங்க. மலைத் தண்ணியில் மணல், இலைத் துகள் வரும், அதனால அதுக்கு முன்னாடி வடிகட்டி கட்டாயம், இல்லைன்னா வால்வு மூடி உட்காருற சீட்டில் துகள் மாட்டி பிரஷர் மறுபடி ஏறும். செலவு கூடன்னா வீட்டுக்கு மேலே மிதவை வால்வோடு 500 லீற்றர் டேங்க் வச்சு அதில் இருந்து இறக்குங்க. பிறகு பழைய பாதுகாப்பு வால்வை மாத்துங்க, சீட் தேஞ்சிருக்கும். வேலைக்கு முன்னாடி பிரேக்கரை இறக்கி, தண்ணியை ஆறவிடுங்க.

சோலாரும் இதுக்குப் பிறகுதான். பிரஷர் தாங்காத வகை வெற்றிடக் குழாய் சோலார் டேங்கை இந்த லைனில் நேரா கொடுத்தா கிழிஞ்சிடும்.

வெலிமடை, எலக்ட்ரீஷியன்
சுவிட்ச் எப்பவும் ஆனில் இருக்க வேண்டாம். 2 கிலோவாட்டுக்கு ஒரு மணி 20 நிமிஷம் போதும், குளிக்கிறதுக்கு அவ்வளவு முன்னாடி போடுங்க. எல்லாரும் அடுத்தடுத்துக் குளிச்சிடுங்க. தெர்மோஸ்டாட்டை 60க்குக் கீழே இறக்காதீங்க, வெதுவெதுப்பில் கிருமி வளரும். சுடுதண்ணி பைப்புக்கு ஏசி பைப்பில் போடுற கறுப்பு ரப்பர் உறையைப் போடுங்க, முதலில் டேங்க் பக்கத்து 6 அடிக்கு.

நம்ம பக்கத்துத் தண்ணி மென்மை. உப்புப் படிவதைவிட டேங்க் துருப்பிடிக்கிறதுதான் பயம். கழற்றுற நேரத்தில் உள்ளே இருக்கிற மெக்னீசியக் கம்பியையும் பாருங்க, டேங்க் துருப்பிடிக்காம அதுதான் கரைஞ்சு காப்பாத்துது, பாதிக்கு மேல் கரைஞ்சிருந்தா மாத்திடுங்க.