ஊசிக்குப் பிறகு வலிப்பு: இழப்பீடு கிடைக்குமா?

குளச்சல் அம்மா: மகளுக்கு ஒன்றரை வயது. போன மாதம் தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்து தடுப்பூசி போட்டோம்; அன்று ராத்திரியே காய்ச்சல், வலிப்பு. அமெரிக்காவில் இதற்குத் தனி நிதி இருக்கிறதாமே, இங்கே?

தக்கலை வக்கீல்: அங்கே 1986 சட்டம் அக்கா, தடுப்பூசி மீதான வரியில் ஓடுகிறது. நமக்கு அப்படி ஒன்றும் இல்லை. காசு கொடுத்ததால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போகலாம். ஆனால் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். வலிப்பு வந்தது மட்டும் போதாது.

திங்கள்சந்தை நர்ஸ்: காய்ச்சல் வலிப்பு பெரும்பாலும் பிள்ளையைப் பாதிக்காது மக்களே. முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிய வையுங்கள். அட்டையில் பேட்ச் நம்பர் ஸ்டிக்கர் இருக்கா?

குளச்சல் அம்மா: இருக்கிறது. மேலே மீன்குழம்புக் கறை, பாதி நம்பர்தான் தெரிகிறது.