ஆளை விழுங்கும் கூடமும் வெறும் பெரிய திரையும்: வித்தியாசம் எங்கே?

தொடக்கப் பதிவு
நான்கு சுவரிலும் தரையிலும் ஓவியம் ஓடும் கண்காட்சிகள் பெருகிவிட்டன. சில கூடங்களில் நுழைந்ததுமே சுவர் இருப்பது மறந்துபோகிறது. வேறு சிலவற்றில் அதே வான்கோ, அதே மாதிரி இசை, ஆனாலும் பெரிய டிவிக்கு முன்னால் நிற்கும் உணர்வுதான். ஏன் இப்படி? பொருத்துபவர்கள், இயக்குபவர்கள், நிறையப் பார்த்தவர்கள் எல்லாரும் கண்டதை எண்களோடு, அளவுகளோடு எழுதுங்கள். பாராட்டு மட்டும் போதாது.

புரொஜெக்டர் பொருத்துபவர்
முதல் காரணம் கறுப்பு. புரொஜெக்டரால் கறுப்பை வீச முடியாது. சுவரில் எவ்வளவு இருட்டு மிச்சமிருக்கிறதோ அதுதான் படத்தின் கறுப்பு. நான்கு பக்கமும் வெள்ளை அடித்துவிட்டால், எதிர்ச்சுவரின் மஞ்சள் வயல் இந்தச் சுவரின் இரவு வானத்தில் வந்து விழுந்து அதை வெளுக்க வைக்கும். நடுத்தரச் சாம்பல் நிறம், துளியும் மினுங்காத மேட் பெயிண்ட் அடியுங்கள். சாம்பல் பாதி ஒளியைத் தின்றுவிடுமே என்று உரிமையாளர்கள் பயப்படுவார்கள். படத்தின் ஒளி ஒரு சுவரில் பட்டுக் கண்ணுக்கு வருகிறது, அதனால் பாதியாகிறது. கசியும் ஒளியோ இரண்டு சுவர்களில் பட்டு வருகிறது, அதனால் கால்பங்காகிறது. வெளிச்சம் குறைந்தாலும் இருட்டு அதைவிட அதிகமாக ஆழமாகிறது.

அளவு கேட்டீர்கள். 1920×1200 பிக்சல், 7,000 லூமென் (வெளிவரும் மொத்த ஒளி) லேசர் புரொஜெக்டர் ஒன்று 6 மீட்டர் அகலம், 3.75 மீட்டர் உயரத்துக்குப் படம் போடுகிறது என்று வையுங்கள். பரப்பு 22.5 சதுர மீட்டர். 7,000ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 310 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளி), முழு இருட்டறைக்கு இது தாராளம். ஒரு பிக்சலின் அகலம் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். நல்ல பார்வை உள்ளவர் 10 மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் வரை பிரித்தறிவார். 2 மீட்டரில் 0.6 மில்லிமீட்டர்கூடத் தெரியும். சின்ன அறையில் படம் கட்டம் கட்டமாக உடைவது இதனால்தான். பாரிஸில் 2018இல் திறந்த அத்தலியே தே லுமியேர் கண்காட்சிக் கூடம் முன்பு ஒரு வார்ப்படசாலை. 10 மீட்டர் உயரச் சுவர்கள், சுமார் 140 புரொஜெக்டர்கள். எண்ணிக்கையைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். பார்ப்பவருக்கும் சுவருக்கும் நடுவே அங்கே கிடைக்கும் தூரத்தைப் பேசுபவர்கள் குறைவு.

அடுத்தது ஓரம் சேர்ப்பது, அதாவது எட்ஜ் பிளெண்டிங். மேலே சொன்ன அளவில் இரண்டு புரொஜெக்டர்கள், 20 விழுக்காடு மேற்படிவு: 1.2 மீட்டர் இரண்டுக்கும் பொது, மொத்தம் 10.8 மீட்டர். பொதுப் பட்டையில் ஒன்று மெல்ல மங்க மற்றது மெல்ல ஏறும். பகல் காட்சியில் எல்லாம் சரியாக இருக்கும். இரவுக் காட்சி வந்ததும் சுவர் நடுவே ஒரு சாம்பல் தூண் எழுந்து நிற்கும். கறுப்புக் காட்சியிலும் இரண்டு லென்ஸ் வழியே கொஞ்சம் ஒளி கசியும், அது அங்கே கூடுகிறது, அதை மங்கவைக்க வழியில்லை. மற்ற இடங்களின் கறுப்பைச் சற்று உயர்த்தி அதற்குச் சமமாக்கலாம், ஆனால் பாடுபட்டுச் சேர்த்த இருட்டை அங்கே கொஞ்சம் இழக்கிறோம். மேற்படிவு விழும் இடத்தில் நட்சத்திரம், மேகம் என்று ஏதாவது அசையும்படி காட்சியை அமைப்பதே நல்ல வழி.

எப்போது சீரமைப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. குளிர்ந்த புரொஜெக்டரில் கோடுகளைச் சேர்த்துவிட்டுப் போனால் ஒரு மணி நேரத்தில் லென்ஸ் சூடேறிப் படம் நகரும். ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகே தொடுங்கள். திறப்பு நாளிலிருந்தே 75 விழுக்காடு வெளிச்சத்தில் ஓட்டுங்கள். இல்லையென்றால் ஒன்று பழுதாகிப் புதியது வரும்போது அது மட்டும் பளிச்சென்று தனியாகத் தெரியும். லேசர் பாதி வெளிச்சத்துக்கு இறங்கப் பொதுவாக 20,000 மணி நேரம் என்பார்கள். தினம் 10 மணி நேரம் என்றால் ஐந்தரை ஆண்டு.

கூட நிர்வாகம்
ஏசி கணக்கில் எல்லாரும் புரொஜெக்டர் வெப்பத்தையே போடுகிறார்கள். மேலே சொன்ன வகைப் புரொஜெக்டர் எட்டு ஓடினால் 4 அல்லது 5 கிலோவாட். ஓய்வாக நிற்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட் வெளியேற்றுகிறார். நூறு பேர் என்றால் 10 கிலோவாட். ஆட்களைக் கணக்கில் சேர்க்காத கூடம் வார இறுதியில் வெந்துவிடும்.

ஸ்கேன், அனிமேஷன் பக்கம்
வான்கோ எங்கும் வருவதற்கு ரசனை ஒரு பாதிக் காரணம்தான். அவர் இறந்தது 1890, இன்னொரு ஓவியர் கிளிம்ட் 1918, படைப்புரிமை முடிந்தாயிற்று. பிக்காசோ இறந்தது 1973, பல நாடுகளில் உரிமை இன்னும் உயிரோடிருக்கிறது. அசல் ஓவியத்தைக் கொண்டுவரும் காப்பீடும் ஈரப்பதக் கட்டுப்பாடும் இங்கே தேவையில்லை, கோப்பு மட்டும் வந்தால் போதும்.

அந்தக் கோப்பில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வான்கோவின் நட்சத்திர இரவு அசலில் 74×92 சென்டிமீட்டர். மேலே சொன்ன 10.8 மீட்டர் சுவரின் மொத்த அகலம் 3,456 பிக்சல். முழு ஓவியமும் தெரிய அவ்வளவு போதும். ஆனால் நிலவை மட்டும் ஐந்து மடங்கு நெருங்கிக் காட்ட ஸ்கேன் 17,000 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தூரிகைத் தடம் பஞ்சுபோல் குழையும். வர்ணத்தின் மேடு தெரியாத வான்கோவைச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கி என்ன பயன்?

சென்சார் வேலை
தொட்டால் பூக்கும் சுவர்களில் பெரும்பாலும் லிடார், அதாவது லேசரால் தூரம் அளக்கும் சென்சார். சுவரிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி, சுவருக்கு இணையாக ஒரே தளத்தில் சுழன்று அளக்கும். ஒரு மூலையில் மட்டும் வைத்தால் முன்னால் நிற்பவரின் கை பின்னால் இருப்பவரின் கையை மறைக்கும். எதிரெதிர் மூலைகளில் இரண்டு வையுங்கள். பக்கத்தில் கண்ணாடி இருந்தால் இல்லாத கை தோன்றும். கூரையில் பொருத்தும் அகச்சிவப்பு ஆழக் கேமராவுக்குக் கறுப்பு உடை பெரிய தொல்லை. ஒளியை விழுங்கிவிடுவதால் ஆள் துண்டு துண்டாகத் தெரிவார். கை பட்டதற்கும் பூ விரிவதற்கும் இடையே 100 மில்லிநொடி தாண்டினால் மாயம் கலைகிறது.

லண்டன் பார்பிகன் கலை மையத்தில் 2012இல் ராண்டம் இன்டர்நேஷனல் என்ற கலைக் குழு வைத்த ரெயின் ரூமை நினைத்துப் பாருங்கள். மழைக்குள் நடக்கலாம், ஆனால் நனைய மாட்டோம்: ஆள் இருக்கும் இடத்தைச் சென்சார் கண்டு, அங்கே மேலே உள்ள வால்வுகளை மூடிவிடும். வால்வை மூடினாலும் ஏற்கெனவே கிளம்பிய துளியை நிறுத்த முடியாது. 4 மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர அதற்கு 0.9 நொடி ஆகும். நடப்பவர் அதற்குள் ஒரு மீட்டர் போயிருப்பார். ஆகவே ஆளுக்கு முன்னால் அவ்வளவு தூரம் முன்கூட்டியே காலியாக வேண்டும். ஓடுபவர் நனைவது இதனால்தான், கருவி பழுதானதால் அல்ல. இந்த வகையில் இதுவரை வந்தவற்றில் மிக நேர்மையான படைப்பு இது என்பது என் கருத்து: தொழில்நுட்பத்தை எடுத்துவிட்டால் கலையே இல்லை.

பாதுகாப்பும் ஒலியும்
தலைசுற்றல் பற்றி யாரும் எழுதவில்லை. நான்கு சுவரும் தரையும் ஒரே திசையில் நகர்ந்தால், நிற்பவரின் கண் "நீ நகர்கிறாய்" என்கிறது, உட்காது "இல்லை" என்கிறது. தரையை அசையாமல் விடுங்கள், அல்லது மிக மெதுவாக நகர்த்துங்கள். நடுவில் நான்கைந்து பெஞ்சு போடுங்கள். கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் காட்சியை வைக்காதீர்கள், வலிப்பு வரும் அபாயம் உண்டு.

மொட்டைச் சுவர்க் கூடத்தில் இசை எதிரொலித்துக் கூழாகும். தரையில் கம்பளம் போட்டால் தரைப் படம் போய்விடும், அதனால் ஒலி உறிஞ்சிப் பலகைகளைக் கூரையில் கறுப்பு நிறத்தில் மாட்டுங்கள். கசியும் ஒளியையும் அவை விழுங்கும்.

அடிக்கடி பார்ப்பவர்
பார்க்கப் போகிறவர்களுக்கு: வெளிர் நிற உடை போடுங்கள், படம் உங்கள் மேலும் விழும். ஆனால் டோக்கியோவின் டீம்லேப் பிளானட்ஸ் கண்காட்சியில் முழங்கால் வரை தண்ணீரில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடி பதித்த தரையும் உண்டு, பாவாடை சரிப்படாது. காட்சி சுற்றிச் சுற்றி ஓடும், நடுவில் நுழைந்தால் கவலை வேண்டாம், ஒரு முழுச் சுற்று இருங்கள். முதல் பாதியைச் சுவரோரம் நின்று பார்க்காமல் அறை நடுவில் உட்கார்ந்து பாருங்கள். மேலே சொன்ன பிக்சல் கணக்கு உங்களுக்குச் சாதகமாகும்.

போன் படத்தில் வண்ணப் பட்டைகள் விழுந்தால் ஷட்டர் வேகத்தை 1/60க்கோ அதற்கும் கீழோ இறக்குங்கள். பிளாஷ் வேண்டாம். அது உங்கள் படத்தை வெளுக்க வைப்பதோடு பக்கத்தில் இருப்பவரின் இருட்டையும் கெடுக்கும். பழகிய கண் திரும்ப இருட்டுக்குள் போகச் சில நிமிடங்கள் பிடிக்கும்.